எடின்பரோவிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். இங்கே இப்போது நாலு மணிக்கெல்லாம் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பாப்பாவுக்குச் சளி விட்டுவிட்டது, அம்மாவைக் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள்.

போன ஞாயிறு, போரில் இறந்தவர்களை நினைக்கும் நாள். எங்கள் தெரு முனைக் கல்தூணில் முதல் உலகப் போருக்குப் போய்த் திரும்பாத இந்த வட்டாரத்துப் பையன்களின் பெயர்கள் இருக்கின்றன. அதன் முன்னால் நின்று ஒருவர், இந்த ஸ்காட்லாந்துக்காரர்களின் பை வைத்த ஊதுவாத்தியமான பேக்பைப் வாசித்தார். உங்களுக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பையை இடது கை இடுக்கில் வைத்து, வாயால் காற்றை நிரப்பி, கையால் அமுக்குகிறார்கள். தோள்மேல் சாய்ந்த மூன்று குழல்கள் நம் நாகஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஊதும் ஒத்து போல விடாமல் சுருதி பிடிக்கின்றன. விரல் ஓடும் குழலுக்கு நாணல் சீவாளி, ஒன்பதே சுரம், கிட்டத்தட்ட ஹரிகாம்போஜி ராகம். மூச்சு வாங்கும்போதும் நாதம் அறுவதில்லை. சத்தத்தைக் குறைத்து வாசிக்கவும் வழியில்லை. பீரங்கிக்கு நடுவிலும் காதுக்கு எட்டியது அதனால்தான்.

1915 செப்டம்பர் 25, பிரான்சில் லோஸ் என்ற ஊர். பிரிட்டிஷ் படை முதன்முதலாக விஷவாயுவைத் திறந்துவிட்ட நாள் அது. சில இடங்களில் காற்று திரும்பி, வாயு அவர்கள் பதுங்குகுழிகளிலேயே இறங்கிவிட்டது. கிங்ஸ் ஓன் ஸ்காட்டிஷ் பார்டரர்ஸ் படையினர் இருமிக்கொண்டு கலங்கி நின்றபோது, அந்தப் படையின் பேக்பைப்காரர் டேனியல் லெய்ட்லா குழியின் மேட்டில் ஏறி, குண்டுகளுக்கு நடுவே முன்னும் பின்னுமாக நடந்து வாசித்தார். இரண்டு கையும் வாத்தியத்தில். துப்பாக்கி பிடிக்கக் கை ஏது? ஆட்கள் எழுந்து பாய்ந்தார்கள். காலில் அடிபடும்வரை அவர் நிறுத்தவில்லை. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கொடுத்தார்கள்.

பயத்தில் உறைந்தவனுக்கு யார் தைரியம் சொன்னாலும் ஏறாது அப்பா. தன் ஊர்க் கல்யாணத்திலும் சாவிலும் கேட்டு வளர்ந்த நாதம் காதில் விழுந்தால் கால் தானாக எழும். ஆனால் அதே நாதம்தான் அவர்களைத் தோட்டாவுக்கு நேரே கூட்டிப் போனது. அதை நினைத்தால் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. வாசித்தவர்களும் தப்பவில்லை, முதல் உலகப் போரில் மட்டும் சுமார் 500 பேர் போய்விட்டார்கள்.

அதனால் இரண்டாம் உலகப் போரில் சண்டை முனையில் வாசிக்கத் தடை போட்டார்கள். ஆனாலும் 1944 ஜூன் 6 அன்று நார்மண்டிக் கரையில், தளபதி லவாட் பிரபு வாசிக்கச் சொல்ல, பில் மில்லின் என்ற 21 வயதுப் பையன் தண்ணீரில் இறங்கி வாசித்தான். தடை ஆங்கிலேயர் போட்டது, ஸ்காட்லாந்துக்காரர்களான நம்மைக் கட்டாது என்றாராம் பிரபு. மில்லின் உடுத்தியிருந்தது, முதல் போரில் அவன் அப்பா உடுத்திய கில்ட், அதாவது ஸ்காட்லாந்து ஆண்கள் கட்டும் கட்டம்போட்ட பாவாடை. பிடிபட்ட ஜெர்மானியர்கள், பைத்தியம் என்று நினைத்துத்தான் அவனைச் சுடவில்லை என்றார்களாம்.

ஞாயிறன்று வாசித்ததைத் தம்பியின் போனுக்கு அனுப்பியிருக்கிறேன். இதில் நாக்கால் சுரங்களைப் பிரிக்கும் துத்துக்காரம் கிடையாது. ஒரே சுரம் அடுத்தடுத்து வந்தால், நடுவில் ஒரு பொடிச் சுரத்தைத் தட்டிப் பிரிக்கிறார்கள். உங்கள் காதுக்கு அது எப்படி இருக்கிறது என்று எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகன்