நைன், செவன், டென்: டிவி பங்கு வாங்க நினைக்கும் மருமகனுக்கு

அன்புள்ள செந்திலுக்கு,

நைன் போன்ற ஆஸ்திரேலியாவின் இலவச ஒளிபரப்பு டிவி நிறுவனங்கள் வங்கி வட்டியைப் பல மடங்கு மிஞ்சும் டிவிடெண்ட் (லாபப் பங்கு) தருவதாக உன் செயலி காட்டுகிறது என்றும், மெல்பர்னில் வீடு வாங்க நீயும் உன் மனைவியும் சேர்த்துவரும் முன்பணத்தில் ஒரு பகுதியை அதில் போடலாமா என்றும் கேட்டிருந்தாய். இதே எண்ணத்தில் இருக்கும் வேறு சிலருக்கும் உதவும் என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் செயலி காட்டும் அந்த டிவிடெண்ட் விகிதத்தைப் பார்ப்போம். வீடு, மனை விளம்பரங்களை வெளியிடும் டொமைன் நிறுவனத்தில் தன்னிடமிருந்த ஏறத்தாழ 60 சதவீதப் பங்கை நைன் 2025இல் அமெரிக்காவின் கோஸ்டார் நிறுவனத்துக்கு விற்றது. அந்தப் பணத்திலிருந்து பங்குக்கு 49 சென்ட் சிறப்பு டிவிடெண்ட் கொடுத்தது. செயலி அதையும் கூட்டி, இன்றைய பங்கு விலையால் வகுத்துக் காட்டுகிறது. டொமைனை இன்னொரு முறை விற்க முடியாது.

இந்தத் தொழிலுக்குப் பார்வையாளர் பணம் கட்டுவதில்லை, விளம்பரதாரர்தான் கட்டுகிறார். விளம்பரம் குறைந்தாலும் செய்திப் பிரிவின் சம்பளம் குறையாது, விளையாட்டு உரிமைக்கு ஒப்புக்கொண்ட தொகையும் குறையாது. ஆகவே வருமானம் சிறிது சரிந்தாலே லாபம் பெரிதாகச் சரியும். 2015இல் நெட்ஃப்ளிக்ஸ் அங்கு வந்தபோது பறிபோனது பார்வையாளரின் நேரம் மட்டும்தான். 2022 நவம்பரில் அது விளம்பரத்துடன் கூடிய மலிவுச் சந்தாவைத் தொடங்கியபின், விளம்பரதாரரின் பணத்துக்கும் போட்டி வந்துவிட்டது. யூடியூப் அதற்கும் முந்தியது.

ஆனாலும் இத்துறையில் பணம் போட்டவர்களை அதிகம் மூழ்கடித்தது பார்வையாளர் குறைந்ததல்ல, கொடுத்த விலையும் வாங்கிய கடனும்தான் என்பது என் கணிப்பு. நெட்ஃப்ளிக்ஸ் என்ற பெயரே பிறக்காத 1987இல், ஊடக அதிபர் கெர்ரி பேக்கர் தன் நைன் நெட்வொர்க்கை ஆலன் பாண்ட் என்ற தொழிலதிபருக்கு 105 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கு விற்றார். பாண்ட் கடனில் தத்தளித்தபோது, மூன்றே ஆண்டுகளில் பேக்கர் அதே நிறுவனத்தைச் சுமார் நான்கில் ஒரு பங்கு விலைக்குத் திரும்ப வாங்கினார். அவர் மகன் ஜேம்ஸ் 2006இல் அதன் பாதியை சிவிசி என்ற தனியார் முதலீட்டு நிறுவனத்துக்கு உச்ச விலையில் விற்று, பின்னர் மீதியிலிருந்தும் விலகிக்கொண்டார். 2012இல் கடன் கொடுத்தவர்கள் நிறுவனத்தை எடுத்துக்கொள்ள, சிவிசி 180 கோடி டாலருக்கு மேல் இழந்து வெளியேறியது. தந்தை, மகன் இருவருக்கும் விற்கத் தெரிந்திருந்தது. அந்தக் குடும்பத்திடம் நான் வியப்பது அதைத்தான்.

டென்னின் கதையை நீ கட்டாயம் அறிந்துகொள்ள வேண்டும். 20 கோடி டாலர் கடனுக்கு அதன் பெரும் பணக்காரப் பங்குதாரர்களான லாக்லன் மர்டாக், புரூஸ் கோர்டன், ஜேம்ஸ் பேக்கர் மூவரும் உத்தரவாதம் கொடுத்திருந்தார்கள். அதை நீட்டிக்க மர்டாக்கும் கோர்டனும் மறுத்ததும், 2017 ஜூனில் நிறுவனம் திவால் நிர்வாகிகளின் கைக்குப் போனது. அமெரிக்காவின் சிபிஎஸ் டிவி நிறுவனம் அதை வாங்கியபோது, நீதிமன்ற ஒப்புதலுடன் பங்குகள் கைமாறின. உன்னைப் போன்ற சிறு பங்குதாரருக்கு ஒரு சென்ட்கூடக் கிடைக்கவில்லை. டென் சேனல் மட்டும் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

அரசு கைகொடுக்கவில்லை என்று சொல்ல முடியாது. ஒருகாலத்தில் வருமானத்தில் 9 சதவீதம் வரை வாங்கிய உரிமக் கட்டணத்தைப் படிப்படியாகக் குறைத்து 2017இல் நீக்கியது. முக்கிய விளையாட்டுகள் முதலில் இலவச டிவிக்கே கிடைக்க வழிசெய்யும் பட்டியலும் இருக்கிறது. ஆனால் உரிமை கிடைப்பது வேறு, அதில் லாபம் பார்ப்பது வேறு. 2025 முதல் 2031 வரையிலான ஏஎஃப்எல் கால்பந்து உரிமையை செவன், கட்டண டிவி நிறுவனமான ஃபாக்ஸ்டெல், தொலைத்தொடர்பு நிறுவனமான டெல்ஸ்ட்ரா ஆகிய மூன்றும் சேர்ந்து 450 கோடி டாலருக்கு எடுத்திருக்கின்றன. 2032 பிரிஸ்பேன் வரையிலான ஒலிம்பிக்கை நைன் 30.5 கோடிக்கு வாங்கியிருக்கிறது. அத்தனை ஆண்டுகளுக்கும் செலவு எழுதப்பட்டுவிட்டது. வரவை யாரும் எழுதித் தரவில்லை.

சந்தை இன்று டிவி ஒளிபரப்பு உரிமங்களுக்கு என்ன மதிப்புப் போடுகிறது என்று அறிய ஒரே ஒரு விற்பனை போதும். டாஸ்மேனியா, டார்வின், பிராக்கன் ஹில் உள்ளிட்ட பகுதிகளில் சதர்ன் கிராஸ் என்ற ஊடக நிறுவனம் வைத்திருந்த டிவி உரிமங்களை 2025இல் செவன் வாங்கியது. விலை 37.5 லட்சம் டாலர், அதாவது மெல்பர்னின் வசதியான பேட்டையில் ஒரு பெரிய வீட்டின் விலை. டிவியிலிருந்து அப்படிக் கழன்றுகொண்ட சதர்ன் கிராஸ், அதே ஆண்டு செப்டம்பரில் செவனுடனேயே இணைய ஒப்புக்கொண்டது விசித்திரம்தான்.

என் ஆலோசனை இதுதான். வீட்டு முன்பணத்திலிருந்து ஒரு டாலர்கூட இதில் போடாதே. வேறு பணமிருந்து, ஆசையும் விடவில்லையென்றால், நாளிதழ்களும் ஸ்டான் என்ற சந்தா இணைய ஒளிபரப்பும் கையிலிருப்பதால் மற்றவற்றைவிட நைன் பரவாயில்லை. அதையும் ஆகஸ்டில் அதன் ஆண்டு நிதி முடிவுகள் வரும்வரை பொறுத்துச் செய். அப்போது 9நவ் போன்ற இணைய ஒளிபரப்பின் வளர்ச்சி, டிவி விளம்பரத்தின் சரிவை டாலர் கணக்கில் ஈடுகட்டுகிறதா என்று பார். சதவீதத்தில் சொல்வதை நம்பாதே. நிகரக் கடன் எவ்வளவு என்ற வரியையும் எனக்கு அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
மாமா