கணவர் போட்ட நிபந்தனை நல்லதுக்கா?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் அமெரிக்க இசையமைப்பாளர் ஏமி பீச் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நான் நாகர்கோவிலில் வீட்டில் வைத்தே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுக்கிறவள். அவர் பெயரைத் தமிழில் அச்சில் பார்த்ததே சந்தோஷம்தான். ஆனால் மேடையேற வேண்டாம் என்று கணவர் தடுத்ததால்தான் உலகத்துக்கு ஓர் இசையமைப்பாளர் கிடைத்தார் என்ற தொனியில் கட்டுரையை முடித்திருந்தீர்கள். அது எனக்கு ஒப்பவில்லை.

ஏமி 1867-இல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ஹென்னிகர் என்ற சிற்றூரில் பிறந்தவர். அம்மாவும் பியானோ வாசிப்பவர், பாடுபவர். ஆனாலும் மகளைப் பியானோ பக்கமே விடவில்லை. ரொம்ப நாள் கெஞ்சவிட்டு, நாலு வயதில்தான் தொடவிட்டார். அந்த வயதில் ஒரு கோடையில் தாத்தாவின் பண்ணைக்குப் போனபோது, அங்கே பியானோ கிடையாது. குழந்தை மனதுக்குள்ளேயே மூன்று வால்ட்ஸ் (மூன்று தட்டுத் தாளத்தில் வரும் நடன இசை) அமைத்து வைத்துக்கொண்டது. வீடு திரும்பியதும் பியானோவில் உட்கார்ந்து மூன்றையும் வாசித்துக் காட்டியது. என்னிடம் இரண்டு வருடம் படித்த பிள்ளைகளே கட்டையைப் பார்க்காமல் நடு 'சி' என்ற ஸ்வரத்தைத் தொடத் திணறுவார்கள். மாப்பிள்ளை எந்தத் திசையில் இருந்தார் என்றே தெரியாத காலத்தில் அவர் இசையமைக்க ஆரம்பித்துவிட்டார் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

பதினாறு வயதில் பாஸ்டனில் அரங்கேற்றம். 1885-இல் பாஸ்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராவோடு ஷோப்பேன் என்ற மேதையின் கான்செர்ட்டோ, அதாவது பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் பெரிய படைப்பு. அதே வருடம் டிசம்பரில் டாக்டர் ஹென்றி பீச்சுடன் கல்யாணம். மணமகளுக்கு 18 வயது. மணமகன் அவரைவிட 24 வயது மூத்த அறுவை சிகிச்சை நிபுணர். வருடத்துக்கு ஒன்றிரண்டு கச்சேரிக்கு மேல் கூடாது, அந்தப் பணமும் தர்மத்துக்குப் போக வேண்டும் என்பது ஏற்பாடு. இதை நீங்கள் எழுதியிருந்தீர்கள். கூடவே இருந்த இன்னொன்றை விட்டுவிட்டீர்கள்: பியானோ கற்றுக்கொடுக்கவும் கூடாது! பெரிய டாக்டரின் மனைவி ஃபீஸ் வாங்கினால் குடும்ப கௌரவம் என்னாவது? மாதாமாதம் ஃபீஸ் வாங்கி வீட்டு வாடகை கொடுக்கிற எனக்கு அந்த இடம் சுருக்கென்று தைத்தது.

அதற்காக ஹென்றியை வில்லனாக்கவும் நான் தயாரில்லை. பெரிய வடிவங்களில் எழுது, எழுது என்று தூண்டியவர் அவர். அவர் எழுதிய கவிதைகளுக்கு ஏமி பாட்டு அமைத்திருக்கிறார். அப்படி இரண்டு பாட்டுகளின் மெட்டு 1900-இல் அரங்கேறிய பியானோ கான்செர்ட்டோவுக்குள்ளும் வருகிறது. அந்தக் கான்செர்ட்டோவில் பியானோவும் ஆர்கெஸ்ட்ராவும் முட்டி மோதுவதைப் புருஷன் பெண்சாதி சண்டையாகக் கேட்கிறவர்களும் உண்டு. எனக்கு அப்படிக் கேட்கவில்லை.

குருவே இல்லாமல் வளர்ந்தார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஜூனியஸ் ஹில் என்பவரிடம் ஒரு வருடம் ஹார்மனி (ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் முறை) படித்திருக்கிறார். அப்புறம் யாரிடம் படிக்கலாம் என்று கேட்டபோது, பாஸ்டன் சிம்ஃபனியின் நடத்துநர் வில்ஹெல்ம் கெரிக், பெரிய மேதைகளின் படைப்புகளை வைத்துத் தானே படித்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டார். கணவரும் பின்னால் அதே கட்சி. அப்படி விடப்பட்ட பெண் என்ன செய்தார் பாருங்கள். பாக் என்ற மேதையின் ஃபியூக்குகளை, அதாவது பல குரல்கள் ஒரே மெட்டை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் படைப்புகளை, மனப்பாடம் செய்து, ஒவ்வொரு குரலையும் தனித்தனி வரியில் பிரித்து, ஞாபகத்திலிருந்தே எழுதிப் பார்த்தார். ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதும் முறை பற்றி இசையமைப்பாளர்கள் பெர்லியோஸும் கெவேரும் எழுதிய பிரெஞ்சு நூல்களைத் தானே மொழிபெயர்த்துக்கொண்டு படித்தார். இந்த உழைப்பையும் கணவரின் நிபந்தனைக் கணக்கில் வரவு வைப்பது நியாயமா?

1892-இல் அவருடைய மாஸ் (தேவாலய வழிபாட்டு வரிகளுக்கான இசை), 1896 அக்டோபர் 30 அன்று கேலிக் சிம்ஃபனி (ஆர்கெஸ்ட்ராவுக்கான நீண்ட படைப்பு) அரங்கேறின. அமெரிக்கப் பெண் ஒருவர் எழுதி வெளிவந்த முதல் சிம்ஃபனி அது. அதில் ஐரிஷ் நாட்டுப்புற மெட்டுகளை எடுத்தாண்டிருந்தார். கேட்டுவிட்டு வந்த இசையமைப்பாளர் ஜார்ஜ் சாட்விக், இனி நீங்களும் நம் பையன்களில் ஒருவர் என்று கடிதம் போட்டார். பாராட்டுத்தான். பாராட்டுவதற்கும் பையன் ஆக்க வேண்டியிருந்திருக்கிறது!

1910-இல் கணவர் போனார், அடுத்த வருடத் தொடக்கத்தில் அம்மாவும் போய்விட்டார். அந்தச் செப்டம்பரிலேயே, 44 வயதில், ஏமி ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார். லைப்சிக், ஹாம்பர்க், பெர்லின் என்று தன் கான்செர்ட்டோவைத் தானே வாசித்தார். 1914-இல் போர் வந்த பிறகுதான் ஊர் திரும்பினார். கால் நூற்றாண்டு கிட்டத்தட்ட பூட்டி வைத்தும் கை மறக்கவில்லை. 18-லிருந்து 43 வரை என்பது ஒரு பியானோ கலைஞரின் பொற்காலம். அதில் நடக்காமல் போன கச்சேரிகளை யார் கணக்கெடுப்பது?

சுதந்திரம் கிடைத்த பிறகு இரண்டாவது சிம்ஃபனி எழுதவில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், எழுதவில்லை. குளிர்காலமெல்லாம் ஊர் ஊராகக் கச்சேரி, கோடையில் எழுத்து என்று அமைத்துக்கொண்டார். 1921-இலிருந்து நியூ ஹாம்ப்ஷயரில் பீட்டர்பரோவில் உள்ள மெக்டவல் காலனிக்குப் போக ஆரம்பித்தார். காட்டுக்கு நடுவே கலைஞர்களுக்குத் தனித்தனிக் குடில் கொடுக்கும் இடம் அது. அங்கே ஹெர்மிட் த்ரஷ் என்ற பூங்குருவி பாடுவதைக் கேட்டுக் கேட்டு ஸ்வரம் பிசகாமல் எழுதிக்கொண்டார். அதை வைத்து அந்தியில் ஒன்று, விடியலில் ஒன்று என இரண்டு பியானோ துண்டுகள் செய்தார். குருவியின் குரல் அதன் சொந்தச் சுருதியிலேயே இருக்கிறது, ஒரு ஸ்தாயி மட்டும் கீழே இறக்கியிருக்கிறேன் என்று குறிப்பும் போட்டிருக்கிறார். எனக்கு இந்த இரண்டும் சிம்ஃபனிக்குக் குறைந்தவை அல்ல. 1944-இல் இறக்கும்போது தன் படைப்புகளின் ராயல்டியை அந்தக் காலனிக்கே எழுதி வைத்தார்.

இன்னொன்று. அவருடைய இசைப் படைப்புகள் எல்லாம், கணவரின் இனிஷியலோடு, 'திருமதி எச்.எச்.ஏ. பீச்' என்ற பெயரில்தான் அச்சாயின. ஐரோப்பா போனதும் ஏமி பீச் என்று மாற்றிப் பார்த்தார். அங்கேயும் திருமதியாகத்தான் தெரிந்திருந்தது, பழைய பெயருக்கே திரும்பினார். பாஸ்டனில் ஆற்றங்கரை இசை அரங்கின் கல்லில் 86 இசையமைப்பாளர்களின் பெயர்களோடு அவர் பெயரும் 2000-இல் ஏறியது. எல்லாரும் ஆண்கள், இவர் ஒருவர்தான் பெண்.

அடுத்த முறை இவரைப் பற்றி எழுதினால் அந்தக் குருவித் துண்டுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் அந்தியில் ஆரம்பிக்கட்டும். விடியல் கொஞ்சம் கையைப் பதம்பார்க்கும்.

இப்படிக்கு,
ஒரு பியானோ டீச்சர்,
நாகர்கோவில்.