ரத்தக்குழாய்களைப் பற்றியும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மறதி நோய் பற்றிய உங்கள் கட்டுரையில், மூளையில் படியும் புரதங்களைப் பற்றி விரிவாக எழுதியிருந்தீர்கள். ரத்தக்குழாய்களுக்கு ஒரே ஒரு வரிதான். நம்மால் ஏதாவது செய்ய முடிகிற இடமே அதுதான் என்பதால் இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு முதலில் மறதி வரவில்லை. நடை மாறியது, காலைத் தேய்த்துச் சின்னச் சின்ன அடியாக வைத்தார். மளிகைக் கணக்கை மனதிலேயே கூட்டிச் சொல்பவர், பால் கணக்குக்கே திணறினார். எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரிப்போர்ட்டின் கடைசியில் 'ஸ்மால் வெஸ்ஸல் இஸ்கீமிக் சேஞ்சஸ்' என்று இருந்தது, அதாவது நுண்குழாய்களில் ரத்த ஓட்டம் குறைந்ததால் வந்த மாற்றங்கள். "வயசானா எல்லாருக்கும் இருக்கும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார் டாக்டர். வயதானவர்களிடம் இது அதிகம் என்பது சரிதான். ஆனால் கட்டுக்குள் இல்லாத ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் புகைப்பழக்கமும் இதை வளர்க்கின்றன என்பதை யார் சொல்வது?

மூளையின் ஆழத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களின் சுவர், பல வருட பிரஷரால் தடித்து விறைத்துப்போகிறது. ரத்தம் சரியாகப் போய்ச் சேராத இடங்கள்தான் ஸ்கேனில் வெள்ளைத் திட்டுகளாகத் தெரிகின்றன. 2019-இல் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். நினைவுத்திறன் லேசாகக் குறையத் தொடங்கியவர்களுக்கு, நினைவுக்கான ஹிப்போகாம்பஸ் பகுதியில் நுண்குழாய்கள் கசிந்தன. மறதி நோயில் மூளையில் படியும் அமிலாய்டு, டாவ் புரதங்களில் மாற்றம் இல்லாதவர்களிடமும் அந்தக் கசிவு இருந்தது.

அதே ஆண்டு அமெரிக்காவில் 'ஸ்பிரிண்ட் மைண்ட்' ஆய்வின் முடிவும் வந்தது. 50 வயது தாண்டிய, ரத்தக்கொதிப்பு உள்ள 9,361 பேர் அதில் இருந்தார்கள். பிரஷரின் மேல் அளவை 120-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில், 140-ஐ இலக்காக வைத்த பிரிவைவிட, லேசான அறிவாற்றல் குறைபாடு 19 சதவீதம் குறைவு. முழு மறதி நோய் குறைந்ததாக உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆனாலும் வெள்ளைத் திட்டுகள் வளரும் வேகம் குறைந்திருந்தது. இது எனக்குப் பெரிய செய்தியாகப் படுகிறது. (வயதானவர்களுக்குப் பிரஷர் ரொம்ப இறங்கினால் தலைசுற்றி விழுவார்கள், எவ்வளவு குறைக்கலாம் என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.)

நம் வீடுகளில் நடப்பது என்ன? "பிரஷர் நார்மலாயிடுச்சு, இனி மாத்திரை எதுக்கு?" என்று நிறுத்திவிடுகிறோம். மாத்திரையால்தான் அது நார்மலாக இருக்கிறது! தலைவலி, மயக்கம் எதுவும் இல்லாததால் நாற்பது வயதில் யாரும் பிரஷர் பார்த்துக்கொள்வதும் இல்லை.

'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி வந்து பிரஷர் பார்க்கிறார்கள், மாத்திரை தருகிறார்கள். அப்படி வருபவர்கள் "நடை மாறியிருக்கிறதா, கணக்கு வழக்கில் தடுமாற்றம் உண்டா?" என்று இரண்டு கேள்வி சேர்த்துக் கேட்டால் எத்தனையோ குடும்பங்கள் முன்கூட்டியே விழித்துக்கொள்ளும். சுகாதாரத் துறை இதைப் பரிசீலிக்க வேண்டும். நீங்களும் ஸ்கேன் ரிப்போர்ட்டின் அந்தக் கடைசி வரியைப் பற்றி ஒரு நரம்பியல் மருத்துவரிடம் கேட்டு, தனிக் கட்டுரையாக வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருச்சி