தரையில் ஊர்ந்த படகு

ஸ்காபரோ,
புரட்டாதிக் கடைசி.

அன்பின் நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மாரி தொடங்க முன்னரே கூரை வேலை முடிந்துவிட்டது என்று வாசித்ததும் மனம் ஆறியது. முழங்கால் நோவைப் பற்றி நீ ஒன்றும் எழுதவில்லை. அடுத்த கடிதத்தில் மறைக்காமல் எழுது. நாங்கள் எல்லாரும் சுகம்.

போன கிழமை மகன் என்னை அல்கோன்குவின் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். ரொறன்ரோவிலிருந்து வடக்கே நாலு மணி நேர ஓட்டம். மேப்பிள் இலைகள் சிவக்கிற காலம் என்பதால் வழியெல்லாம் சனம். பூங்காவின் கிழக்கு வாசலுக்குப் பக்கத்தில், பழைய காலத்து மரம் வெட்டுத் தொழிலைக் காட்டும் ஒரு திறந்தவெளி நூதனசாலை இருக்கிறது. காட்டுக்குள் சுற்றி வரும் ஒற்றையடிப் பாதை. பாதி வழியில் கரையேற்றி வைத்த ஒரு மரப்படகு. 'வில்லியம் எம்.' என்று பெயர். அதைக் கண்டபிறகு நான் இலைகளைப் பார்க்கவில்லை. வள்ளம் கட்டிய உன் ஐயா இருந்திருந்தால் அவரும் அந்த இடத்தை விட்டு அசைந்திருக்க மாட்டார்.

பார்வைக்கு அழகான படகு இல்லை. அடி தட்டை, முன்பக்கம் மழுங்கல், மேலே ஒரு புகைபோக்கி. அடியில் நீளவாட்டில் ஓடும் ஏரா மரத்தைத் தேடிக் குனிந்து பார்த்தேன். அதற்குப் பதிலாக, நீளவாட்டில் இரண்டு சறுக்குக் கட்டைகள், அவற்றின் அடியில் இரும்புத் தகடு. கடலில் ஓட வேண்டிய படகுக்கு இது எதற்கு என்று நீ கேட்பாய். நானும் அதைத்தான் மகனிடம் கேட்டேன். அது ஏரியில் ஓடுகிற படகு, ஒரு ஏரி முடிந்தால் தரையில் ஏறி அடுத்த ஏரிக்குப் போகிற படகு என்றான். அதனால்தான் அதற்கு 'அலிகேட்டர்', அதாவது முதலை, என்று பெயர் வைத்தார்களாம்.

கதை இதுதான். ஒன்ராறியோக் காடுகளில் பனிக்காலத்தில் வெள்ளைப் பைன் மரங்களை வெட்டிக் குவிப்பார்கள். வசந்தத்தில் பனி உருகி ஆறு பெருகும்போது கட்டைகளை ஆற்றில் விடுவார்கள். ஆற்றில் நீரோட்டமே கொண்டுபோய்விடும். ஏரி வந்தால்தான் தொல்லை. ஏரியில் ஓட்டம் கிடையாது, எதிர்க்காற்று வேறு. அதனால் கட்டைகளை முனைக்கு முனை சங்கிலியால் கோத்து ஒரு வேலி செய்து, அதற்குள் ஆயிரக்கணக்கான மரங்களை அடைத்து, அந்த மந்தையை இழுக்க வேண்டும். முன்பு ஒரு தெப்பத்தில் சுழல்தூண் நட்டு, குதிரைகளையோ ஆட்களையோ செக்கு மாடு மாதிரி சுற்றி நடக்கவிட்டுத்தான் இழுத்தார்கள். காற்று அடங்கும் இரவில்தான் வேலை நடக்கும். காற்று மாறினால் முழு இரவின் உழைப்பும் பின்னுக்குப் போய்விடும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் ஈரி ஏரிப் பக்கத்துச் சிம்கோ என்ற சின்ன ஊரில் இரும்புப் பட்டறை வைத்திருந்த ஜான் சீபர்ன் வெஸ்ட். ஒரு மர வியாபாரி வந்து கேட்க, 1889இல் முதல் அலிகேட்டர் தயாரானது. 20 குதிரைவலு நீராவி இயந்திரம், இரு பக்கமும் துடுப்புச் சக்கரம், முன்னால் வடம் சுற்றி இழுக்கும் உருளையான ஒரு வின்ச், அதில் ஒரு மைல் நீள இரும்பு வடம். படகு முன்னே ஓடி நங்கூரம் போடும், இல்லையென்றால் கரையில் ஒரு பெரிய மரத்தில் வடத்தைக் கட்டும். பிறகு வடத்தை விட்டுக்கொண்டே பின்னால் வந்து, மர மந்தையைக் கொளுவிக்கொண்டு, வின்சைச் சுற்றித் தன்னையும் மந்தையையும் சேர்த்து முன்னே இழுக்கும்.

தரையில் போவதும் இதே வடத்தால்தான். அடுத்த ஏரிப் பக்கம் நிற்கும் மரத்தில் வடத்தைக் கட்டிவிட்டு, காட்டுக்குள் பாதை வெட்டி, குறுக்கே கட்டைகளைப் போட்டு, தன்னைத் தானே இழுத்துக்கொண்டு மேடு ஏறும். நாளொன்றுக்கு ஒரு மைலோ கொஞ்சம் கூடவோதான். மேட்டில் ஏறும்போது கொதிகலன் சாய்ந்துவிட்டால் தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கி, நெருப்புக்கு மேலுள்ள தகடு காய்ந்து சிவக்கும், பிறகு வெடிக்கவும் கூடும். வெஸ்ட் அதற்கும் வழி செய்து வைத்திருந்தார். ஒரு திருகாணியைத் திருப்பினால், படகு சரிந்தாலும் கொதிகலன் மட்டமாகவே நிற்கும். எனக்கு இந்த இடம்தான் மிகவும் பிடித்தது. பட்டறையில் இருந்துகொண்டே அந்த மேட்டை மனதில் ஏறிப் பார்த்த ஒருவரால்தான் இப்படிச் செய்ய முடியும். உன் ஐயாவும் பலகையை வளைக்க முன் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருப்பார், ஞாபகம் இருக்கிறதா?

வெஸ்டும் அவருடைய தொழில் பங்காளி பீச்சியும் 1930களின் தொடக்கம் வரை 200க்கும் மேற்பட்ட அலிகேட்டர்களைக் கட்டினார்கள். சிம்கோவிலிருந்து றெயிலில் வடக்கே போகும். அதற்கப்புறம் தன் காலில் போக வேண்டியதுதான். எரிக்க விறகுக்கும் குறைவில்லை, சுற்றிலும் காடு.

பிறகு பெரிய பைன் மரங்கள் குறைந்தன. காட்டுக்குள் றோட்டும் லொறியும் வந்தன. வேலை முடிந்த அலிகேட்டர்கள் சிலவற்றைக் கடைசியாக நின்ற ஏரிக்கரையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அவற்றைத் திருப்பிக் கொண்டுவரும் செலவுக்கு அவை பெறுமதி இல்லை. மகன் இரண்டு வருடங்களுக்கு முன் நண்பர்களோடு கனூ என்ற சின்னத் துடுப்புப் படகில் பூங்காவின் உட்பகுதிக்குப் போய்க் கேட்ஃபிஷ் ஏரியில் அப்படி ஒன்றைக் கண்டிருக்கிறான். படம் காட்டினான். மரம் பெரும்பாலும் மண்ணாகிவிட்டது. துருப்பிடித்த இரும்பைச் சுற்றிச் செடிகள் வளர்ந்திருக்கின்றன. ஒன்றையும் தொடக் கூடாது என்பது பூங்காவின் விதி, அது நல்லது. ஆனாலும் அந்தப் படத்தை என்னால் நெடுநேரம் பார்க்க முடியவில்லை. மேடு பள்ளம் எல்லாம் தானே ஏறி இறங்கிய படகை ஒரு நாள் நெருப்பை அணைத்துவிட்டு அப்படியே விட்டு நடந்திருக்கிறார்கள். கடைசியாக இறங்கியவன் ஒருமுறையாவது திரும்பிப் பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன்.

திரும்பி வரும்போது காரில் மகனுக்கு வல்வெட்டித்துறையைப் பற்றிச் சொன்னேன். உங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணிக் கப்பல், பாய் விரித்து 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம் வரை போனதைக் கேட்டு அவன் நம்பவே இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்துவிட்டு, இரவு பத்து மணிக்கு என் அறைக்கு வந்து, "அப்பா, உண்மைதான்" என்றான். எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

அவனுக்கு இப்போது ஒரு கேள்வி. எனக்கும் விடை சரியாக நினைவில்லை. உன் ஐயா பழுது பார்க்க வள்ளத்தைக் கரையேற்றும்போது அடியில் கட்டைகள் போட்டுத்தானே இழுப்பார்கள், அது பனையா, வேறு மரமா? வழுக்கலுக்கு என்ன பூசினார்கள்? ஊரில் பழைய ஆட்கள் யாரும் இருந்தால் கேட்டு எழுது. அந்த நூதனசாலையில் எடுத்த படங்களை இதோடு வைத்திருக்கிறேன். மூன்றாவது படத்தில் அந்தத் திருகாணி தெரியும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி