பேட்டி என்றாலே தயங்கும் நிறுவனத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர்களுக்கு,

வணக்கம். உங்கள் பேட்டிகளை வெட்டிச் சுருக்கித் தலைப்பிடும் துணை ஆசிரியர்களுள் ஒருவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். "நான் சொன்னது ஒன்று, வந்தது வேறு" என்று நீங்கள் குறைப்படுவது சில நேரங்களில் நியாயமே. ஆனால் ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டால், பெரும்பாலும் நீங்கள் சொன்னதுதான் வந்திருக்கும். நீங்கள் முக்கியம் என்று கருதியதோ, பேச்சின் பிற்பகுதியில், கிளைக்கதைகளுக்கு நடுவே அமுங்கிக் கிடக்கும்.

தொலைக்காட்சிச் செய்தியில் உங்களுக்குக் கிடைப்பது சில விநாடிகள் ஓடும் ஒரு பைட், அதாவது உங்கள் பேச்சிலிருந்து வெட்டியெடுத்த ஒரு துணுக்கு மட்டுமே. அதில் செய்தியாளரின் கேள்வி பெரும்பாலும் இடம்பெறாது. "ஆமாம், அதைப் போன மாதமே சரிசெய்துவிட்டோம்" என்ற பதில், கேள்வி நீங்கியதும் எதைப் பற்றியது என்றே விளங்காமல் நிற்கும். "குழாய் உடைப்பைப் போன மாதமே சரிசெய்துவிட்டோம்" என்று சொல்லியிருந்தால், எங்கே வெட்டினாலும் பொருள் சிதையாது.

2010-ஆம் ஆண்டு மெக்சிகோ வளைகுடாவில், 11 தொழிலாளர்களைப் பலிகொண்ட விபத்தையடுத்து எண்ணெய் கசிந்துகொண்டிருந்தபோது, பிபி எண்ணெய் நிறுவனத்தின் அப்போதைய தலைமைச் செயல் அதிகாரி டோனி ஹேவர்ட் கேமரா முன் வருத்தம் தெரிவித்தார். அதே மூச்சில், தமது வாழ்க்கை தமக்குத் திரும்பக் கிடைத்தால் போதும் என்றும் சொல்லிவிட்டார். அந்த வருத்தம் இன்று யாருக்கும் நினைவில்லை. பதில் முடிந்த பிறகும் பேசிக்கொண்டே போவதில் உள்ள ஆபத்து இதுதான். செய்தியாளர் அடுத்த கேள்வியைக் கேட்காமல் சற்று மௌனமாக இருந்தால், அந்த மௌனத்தை நிரப்பும் பொறுப்பு உங்களுடையது அன்று.

எந்தக் கேள்வி வந்தாலும் மனப்பாடம் செய்த வாசகத்துக்கே திரும்பிவரச் சொல்லித் தரும் பயிற்சி வகுப்புகள் மீது எனக்கு நல்லெண்ணம் இல்லை. 1997-இல் பிபிசியின் ஜெரமி பாக்ஸ்மன், பிரிட்டனின் முன்னாள் உள்துறை அமைச்சர் மைக்கேல் ஹோவர்டிடம் ஒரே கேள்வியைப் பத்துத் தடவைக்கு மேல் கேட்டார். நேரடிப் பதில் வராததே செய்தியாயிற்று. முதலில் பதிலைச் சொல்லுங்கள், பிறகு உங்கள் கருத்துக்கு வாருங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, எத்தனை மணிக்குள் விவரம் தருவீர்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னால், எந்தச் செய்தியாளரும் அதைக் குற்றமாக எழுத மாட்டார்.

"இதைப் போட வேண்டாம்" என்ற நிபந்தனையை, சொல்வதற்கு முன்பே பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். சொல்லி முடித்துவிட்டு விதிப்பது செல்லாது. சட்டையில் குத்திய மைக்கைக் கழற்றும் வரை பேட்டி முடியவில்லை என்றே கொள்ளுங்கள்.

அச்சில் வந்தபின் பிழை தென்பட்டால், செய்தியாளரைக் கடிந்துகொள்ளாமல், தவறான வரி எது, சரியான விவரம் எது, அதற்கான ஆவணம் எது என்ற மூன்றையும் அன்றைக்கே ஆசிரியருக்கு எழுதி அனுப்புங்கள். தலைப்பு பற்றிய குறையென்றால் எங்களைக் கேளுங்கள். அதைப் பெரும்பாலும் செய்தியாளர் எழுதுவதில்லை.

இப்படிக்கு,
ஒரு துணை ஆசிரியர்