செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, கூத்துக் குழுக்களான ஜமாக்களின் வாத்தியார்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை நம் தெருக்கூத்துச் சங்கம் செய்தவற்றையும் செய்யாமல் விட்டவற்றையும் பேரவை முன் வைக்கிறேன்.

இந்த ஆண்டில் மூத்த உறுப்பினர்கள் இருவரை இழந்தோம். அதில் ஒருவர் நம் கூத்தாடும் களரியில் முப்பது வருஷத்துக்கு மேல் முகவீணை என்ற ஊதுகுழலை வாசித்தவர். அவர்களுக்கு ஏற்கெனவே எழுந்து நின்று அஞ்சலி செலுத்திவிட்டதால் மேலே போகிறேன்.

செயற்குழு ஏழு தடவை கூடியது. அதில் இரண்டு கூட்டங்கள் போதிய ஆள் சேராமல் டீயோடு முடிந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். எனக்குச் சொல்ல வேண்டியது, பார்ப்பவர்களைப் பற்றி.

வைகாசியில், பாண்டவர் சூதில் தோற்றுத் திரௌபதியின் துகில் உரியப்படும் ‘சூது துகில்’ கூத்து வைத்தோம். நோட்டீஸில் மொத்தம் பன்னிரண்டு வரி, அதில் ஒன்பது வரி பிரமுகர்கள் பேர். என்ன கூத்து என்பது பந்தல் உபயத்துக்குப் பக்கத்தில், கண்ணை இடுக்கிப் பார்த்தால் தெரியும் அளவில் இருந்தது. கூட்டம் மோசமில்லை, கல்லூரிப் பிள்ளைகள்கூட பைக்கில் வந்திருந்தார்கள். ஆனால் துச்சாதனன் வேஷக்காரர் துகிலில் கை வைப்பதற்கு முன் கற்பூரம் ஏற்றித் திரௌபதி அம்மனைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டாரே, அந்த இடத்தில் பின்வரிசையில் சிரிப்பு. ‘வில்லன் எதுக்குடா சாமி கும்பிடுறான்’ என்று ஒரு பையன் கேட்டது எனக்கே கேட்டது. முன்னால் பெரியவர்கள் எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், பின்னால் செல்பி எடுக்கிறார்கள். மறுநாள் செயற்குழுவில் அந்தப் பிள்ளைகளைத் திட்டாத ஆளில்லை. நானும் திட்டினேன். அப்புறம் யோசித்தால், அவர்களிடம் யார் என்ன சொல்லி வைத்திருந்தோம்? அழைத்தோம், அவ்வளவுதான்.

திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவில் நடக்கும் பாரதத்தில் இந்தச் சிக்கல் வராது. பகலில் பாரதப் பிரசங்கம் நடக்கும், அன்று கேட்ட கதையே ராத்திரி கூத்தாக வரும். மத்தியானம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கேட்ட கிழவி, ராத்திரி பேரனுக்குக் காதோரம் சொல்லிக்கொண்டே இருப்பாள். திரை விலகும்போது யார் வரப்போகிறார்கள் என்று பார்ப்பவருக்குத் தெரியும். நம் சங்கமோ தனிக் கூத்தாக ஒரு ராத்திரி வைக்கிறது. பிரசங்கம் இல்லை, பல வீட்டில் பாட்டியும் இல்லை. பகலை வெட்டிவிட்டு ராத்திரியை மட்டும் கொடுக்கிறோம்.

சங்கீத சபாக்காரர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டார்கள். 1928இல் தொடங்கிய மியூசிக் அகாடமியில் சீசன் என்றால் கச்சேரி மட்டுமில்லை, காலையில் விளக்கவுரையும் உண்டு. கல்கி ‘கர்நாடகம்’ என்ற பேரில் ஆனந்த விகடனில் எழுதிய விமரிசனங்களைக் கச்சேரிக்குப் போக முடியாதவர்களும் படித்தார்கள். நம் பக்கமும் அப்படித்தான். கூத்துப்பட்டறை நாடகக் குழுவை 1977இல் தொடங்கிய ந. முத்துசாமி தெருக்கூத்தைப் பற்றி எழுதியும் பேசியும் வந்ததால் சென்னையில் பலருக்குத் தெருக்கூத்துக்குப் பேர்போன புரிசை என்ற ஊர்ப்பேர் தெரிந்தது. ஆடுபவர் ஆடட்டும், அதைப் பற்றி யாராவது எழுதவும் வேண்டும்.

அதனால் ஆவணியில் வைத்த ‘கர்ண மோட்ச’த்துக்கு, நோட்டீஸோடு ‘கூத்துக்கு முந்தின பகல்’ என்று ஒரு பக்கத் தாள் போடத் தீர்மானித்தோம். எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. முதல் தடவை எழுதியதில் கொடை, விதி, தர்மம் என்று ஏகப்பட்டது இருந்தது. வாத்தியாரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை பொறுமையாகப் படித்துவிட்டு, “எல்லாம் சரி தம்பி, கர்ணன் பொண்டாட்டி பொன்னுருவி எங்க?” என்றார்.

நான் போர்க்களத்தை மட்டும் எழுதியிருந்தேன். கூத்தில் ஜனம் விழித்துக்கொண்டு காத்திருப்பது அம்புக்கு இல்லை. தன் பிறப்பைத் தெரிந்துகொண்ட கர்ணன் சாகப்போகிறோம் என்று மனைவியிடம் விடைபெற வருகிறான். அவளோ தேரோட்டி வளர்த்தவன் என்று அவனை இளக்காரமாக நடத்தியவள். அந்த இரண்டு பேரும் பாட்டும் வசனமுமாக நிற்கும் நேரம்தான் கூத்தின் உயிர். கிழித்துப் போட்டுவிட்டு அந்தக் காட்சியைப் பற்றி மட்டும் இருபது வரி எழுதினேன். பின்பாட்டுக்காரர் எந்த இடத்தில் குரலை ஏற்றுவார் என்று வாத்தியார் சொன்னதையும் சேர்த்தேன்.

அச்சில் வந்த கோளாறு உங்களுக்குத் தெரியும். அச்சகத்தின் பேரைச் சொல்லப் போவதில்லை, பிழை திருத்தியது நான்தான். ‘ட்’ விழுந்துபோய், 500 தாளிலும் தலைப்பு ‘கர்ண மோசம்’ என்று வந்துவிட்டது. திருப்பி அடிக்கக் காசில்லை, அப்படியே கொடுத்தோம். அன்று ராத்திரி கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் தாளைக் கையில் பிடித்துக்கொண்டே களரிக்குள் வந்தார். “ராஜா, உம்மை மோசம்னு பேப்பர்லயே போட்டுட்டாங்களே!” “யாரடா போட்டது?” “சங்கத்து செக்ரட்டரி ராஜா. அதோ, முன்வரிசையில பிளாஸ்டிக் சேர்ல பயந்துபோய் உட்கார்ந்திருக்காரு.” அதுவரை தாளைப் பிரிக்காதவர்களும் பையிலிருந்து எடுத்துப் பார்த்தார்கள். பொன்னுருவி வந்தபோது பின்வரிசையில் சத்தமே இல்லை. பிழையால் வந்த லாபம் என்று நான் சொன்னால் பொருளாளர் அடிக்க வருவார்.

தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டு, ‘என்ன பிடித்தது, என்ன பிடிக்கவில்லை, எழுதிப் போடுங்கள்’ என்று டீக்கடை ஓரம் ஒரு பெட்டி வைத்தோம். 40க்கு மேல் வந்தன. ‘ஹார்மோனியத்துக்கு மைக் எதுக்கு, பாட்டு கேட்கவில்லை’ என்று ஐந்தாறு பேர் எழுதியிருந்தார்கள். அடுத்த தடவை மைக்கைத் தள்ளி வைத்தோம். ‘முகவீணை ஏன் இல்லை?’ என்று ஒருவர் பென்சிலில் எழுதியிருந்தார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஆண்டு நாம் இழந்த அந்த முகவீணை அண்ணனின் வாத்தியம் அவர் வீட்டில் துணி சுற்றி இருக்கிறது. கற்றுக்கொள்ள யாராவது வந்தால் தருவதாக வீட்டார் சொல்லியிருக்கிறார்கள்.

அதிகம் பேர் கேட்டது ஒன்றுதான்: எந்த வேஷம் எத்தனை மணிக்கு வரும்? ராத்திரி முழுக்க உட்கார முடியாதவர்கள் கேட்கிறார்கள், நியாயம்தானே. முன்பு பாய் போட்டுத் தூங்கிவிட்டு, ‘பீமன் வந்தா எழுப்பு’ என்று பக்கத்தில் சொல்லி வைப்பார்கள். மாசியில் ‘கீசக வதம்’ தாளில் நேரம் போட்டோம். வாத்தியாருக்கு இதில் இஷ்டமில்லை. “வேஷம் ஏறினா மணியாவது ஒண்ணாவது” என்றார். எல்லா நேரத்துக்கும் முன்னால் ‘சுமார்’ சேர்த்துச் சமாதானம் செய்தோம். கீசகன் திரைக்கு வருவது சுமார் 12.30, பீமன் பெண்வேஷத்தில் காத்திருப்பது சுமார் 4. அந்த நான்கு மணிக்கு, விடியலில் பூப்பறிக்கப் போகும் பெண்கள் இடுப்பில் மடி கட்டியபடியே வந்து நின்று, கீசகன் விழுந்த பிறகுதான் தோட்டத்துக்குப் போனார்கள். இத்தனை வருஷத்தில் அவர்களை நம் கூத்தில் நான் பார்த்ததில்லை.

அதே மாசித் தாளில், மரத்தில் செய்த அணிகளைப் பூட்டிக் கட்டை வேஷம் கட்டும் கலைஞர் ஒருவர் கிரீடத்தையும் தோளணியான புஜகீர்த்தியையும் பற்றிச் சொன்னதை அவர் பேரிலேயே போட்டோம். கல்யாண முருங்கைக் கட்டை ஏன், கனம் எங்கே அழுத்தும், விடிந்து கழற்றியதும் தோள் எப்படி இருக்கும் என்றெல்லாம் சொல்லியிருந்தார். அதற்கு 500 ரூபாய் கொடுத்தோம். பேசுவதற்கெல்லாம் பணமா என்று செயற்குழுவில் கேள்வி வந்தது. ஆடினால் கொடுக்கிறோம், சொன்னதை வைத்து நாம் தாள் நிரப்பினால் கொடுக்கக் கூடாதா? அடுத்த ஆண்டும் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து, பேரவை முடிவு செய்யட்டும்.

ஒரு வருத்தம். மாசிக் கூத்தை ஒருவர் விடிய விடிய போனில் நேரலையாகப் போட்டுவிட்டார். ‘அதான் பார்த்தாச்சே’ என்று பக்கத்து ஊரில் சொல்லிவிட்டதாக ஜமாவில் குறைபட்டார்கள். இனி வாத்தியார் சம்மதித்த சில நிமிடங்களுக்கு மேல் படம்பிடிப்பதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம். ஒப்பனைப் பந்தலுக்குள் போனோடு நுழைவதும் கூடாது.

மற்றவை: புதிய உறுப்பினர்கள் 11 பேர். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் அதைவிட அதிகம், பட்டியல் வாசலில் ஒட்டியிருக்கிறது. தார்ப்பாய் இரண்டு கிழிந்துவிட்டன.

வருகிற வைகாசியில் மறுபடி ‘சூது துகில்’ வைக்கிறோம். கற்பூரம் ஏற்றும் இடத்தைப் பற்றித் தாள் எழுதி முடித்துவிட்டேன். அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்த என்னைத் தவிர இரண்டு பேர் வேண்டும். கண் நன்றாகத் தெரிபவர்கள் கூட்டம் முடிந்ததும் பேர் கொடுங்கள். இந்த அறிக்கையைப் பேரவை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்