ஆஸ்பத்திரிக்கு மேலே 700 அடி: கைகொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பு நண்பர்களே, அக்காமாரே, அண்ணன்மாரே, பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலில் என்னைப் பார்க்கும்போதெல்லாம் "அந்த ஹெலிகாப்டர் விஷயம் என்னப்பா ஆச்சு" என்று விடாமல் கேட்ட எல்லோருக்கும்,

முடிந்துவிட்டது. மேகம் தாழ்ந்த நாளிலும் நோயாளியை ஏற்றிப் போக ஹெலிகாப்டர் எங்களிடம் வர வழி பிறந்துவிட்டது. எங்கள் மருத்துவமனை ஹெலிபேடைச் சுற்றி 6 கடல் மைல் ஆரத்துக்கு, அதாவது சுமார் 11 கிலோமீட்டருக்கு, தரையிலிருந்து 700 அடிக்கு மேலே உள்ள வானம் இப்போது 'கிளாஸ் ஈ' எனப்படும் கட்டுப்பாட்டு வான்வெளி. அமெரிக்காவில் இந்த மாதிரி விதிகள் புது வான்வழி சார்ட் வெளியாகும் நாளில், உலக நேரப்படி 09:01 மணிக்கு அமலுக்கு வரும். கோடையில் எங்களுக்கு அது விடிகாலை 5:01. அன்றைக்கு நான் நைட் டியூட்டி. வெளியே பார்க்க ஒன்றும் இருக்காது என்று தெரிந்தும் போய்ப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. சார்ட்டில் மட்டும் ஓரம் மங்கலான ஒரு மெஜந்தா வட்டம் புதிதாக வந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் முறைப்படி எழுத வேண்டியவர்களுக்கு எழுதியாகிவிட்டது. இது உங்களுக்கு. பணம் கொடுத்தீர்கள், வரைபடம் போட்டுக் கொடுத்தீர்கள், ஆனால் எதற்காக என்று நான் யாருக்கும் ஒழுங்காக விளக்கியதில்லை. மருத்துவமனையின் பெயரைப் போட நிர்வாகத்திடம் அனுமதி வாங்க வேண்டும், அதற்கு இந்த வான்வெளிக்கு ஆனதைவிட அதிக நாள் ஆகும், ஆகவே மேற்கு வர்ஜீனியாவில் மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன மருத்துவமனை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்ததும் சொந்த நாடு திரும்ப வேண்டும் என்ற விசா நிபந்தனையிலிருந்து விலக்குப் பெற, மூன்று வருடம் கிராமப்புறத்தில் வேலை பார்க்க வந்து அப்படியே தங்கிவிட்ட டாக்டர்களில் நானும் ஒருவன்.

எங்களிடம் ஸ்கேன் இருக்கிறது, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து இருக்கிறது. மூளைக் குழாயில் அடைத்த கட்டியைக் கம்பி விட்டு எடுக்கும் வசதி கிடையாது, பெரிய விபத்துக் காயங்களுக்கான அறுவைக் குழுவும் கிடையாது. அதற்கெல்லாம் மார்கன்டவுன் அல்லது சார்லஸ்டன்தான் போக வேண்டும். ஆம்புலன்ஸில் போனால் மலை வளைவுகளிலேயே நேரம் கரைந்துவிடும், ஹெலிகாப்டர் என்றால் பாதிக்கும் குறைவு. ஆனால் அந்த ஹெலிகாப்டர் இதுவரை கண்ணால் பார்த்துப் பறக்கும் முறையில்தான் எங்களிடம் வர முடியும். மேகம் மலை முகட்டில் வந்து உட்கார்ந்துவிட்டால் போச்சு. போன் செய்தால் "வானிலை காரணமாக வர இயலாது" என்று பதில் வரும். அந்த நேரத்தில் எமர்ஜென்சியில் நிற்கிற எல்லோருக்கும் கோபம் வரும்.

அந்தக் கோபத்தை ஆற்றிய பைலட்டுக்குத்தான் முதல் நன்றி. ஓய்வு பெறும் வயதில் இருப்பவர். ஒரு மழை இரவில் எங்கள் நர்ஸ்கள் அறையில் உட்கார்ந்து 2008 பற்றிச் சொன்னார். அந்த ஒரே ஆண்டில் அமெரிக்காவில் ஏர் ஆம்புலன்ஸ் விபத்துகளில் இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். செப்டம்பர் 27 அன்று நள்ளிரவை ஒட்டி மேரிலாந்து மாநிலக் காவல்துறையின் 'ட்ரூப்பர் 2' என்ற ஹெலிகாப்டர், கார் விபத்தில் அடிபட்ட இரண்டு இளம்பெண்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. வழியில் மேகம் தாழ்ந்துவிட்டது. மருத்துவமனையில் இறங்க முடியாமல் ஆண்ட்ரூஸ் விமானப்படைத் தளத்துக்குத் திரும்பி, கருவிகளை வைத்து இறங்க முயன்று, ஓடுபாதைக்கு முன்பே மரங்களில் மோதியது. ஐந்து பேரில் நான்கு பேர் இறந்தார்கள். கண்ணால் பார்த்துப் பறக்கலாம் என்று கிளம்பி, பாதி வழியில் மேகத்துக்குள் மாட்டிக்கொள்வது எவ்வளவு மோசமானது என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டாம். 2014இல் வந்த புது விதிகளின்படி, 2017 ஏப்ரலிலிருந்து ஏர் ஆம்புலன்ஸ் ஹெலிகாப்டர் பைலட்டுகள் எல்லோருக்கும் கருவிகளை வைத்துப் பறக்கும் தகுதி கட்டாயம், நிலப்பரப்பு நெருங்கினால் எச்சரிக்கும் கருவியும் கட்டாயம். "எனக்குத் தகுதி இருக்கிறது, மெஷினில் கருவி இருக்கிறது, உங்கள் ஆஸ்பத்திரிக்கு மேகத்துக்குள் வர ஒரு பாதைதான் இல்லை" என்று முடித்தார். அதுவரை வேலை பைலட்டுடையது என்று நினைத்துக்கொண்டிருந்தோம், அன்றைக்குத்தான் எங்கள் பக்கம் வந்தது. இன்னொன்றும் சொன்னார்: பல சேவைகளில் நோயாளி யார், குழந்தையா பெரியவரா என்று பைலட்டிடம் முதலில் சொல்லவே மாட்டார்களாம். மனசு இளகி, பறக்கக்கூடாத வானிலையில் பறந்துவிடக் கூடாது என்று.

பாதை என்றால் என்ன? ஜி.பி.எஸ். புள்ளிகளை வரிசையாக வைத்து, மலை, மரம், டவர் எல்லாவற்றுக்கும் மேலே எவ்வளவு உயரம் விட வேண்டும் என்று கணக்குப் போட்டு, கடைசியில் ஹெலிபேடுக்குக் கொஞ்சம் முன்னால் ஆகாயத்தில் ஒரு புள்ளியில் கொண்டுவந்து விடுவது. ஹெலிகாப்டர் மேகத்துக்குள்ளேயே மெல்ல இறங்கி அந்தப் புள்ளிவரை வரும். அங்கிருந்து ஹெலிபேடு தெரிந்தால் பார்த்துக்கொண்டே வந்து இறங்கலாம். தெரியவில்லையென்றால் மறுபேச்சு இல்லாமல் மேலே ஏறிப் போய்விட வேண்டும். இதை வடிவமைத்துக் கொடுத்த நிறுவனத்தின் பொறியாளர் அம்மாவுக்கு நன்றி. அவர் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தேடியே எங்கள் கட்டடப் பராமரிப்பு ஆள் பாதி இளைத்துப் போனார். எட்டு அடி தள்ளிப் போனால் ஒரு அடி உயரலாம், அதற்கு மேல் ஹெலிபேடை அணுகும் வழியில் எதுவும் நீட்டிக்கொண்டு நிற்கக் கூடாது, 4,000 அடி தூரம்வரை இதுதான் கணக்கு. அந்தக் கணக்குக்குள் பக்கத்து வீட்டுப் பெரியவரின் பைன் மரங்கள் மூன்று தலையை நீட்டின. அவருடைய அப்பா நட்ட மரங்கள். பேசப் போனபோது காபி கொடுத்தார், யோசிக்கிறேன் என்றார், மறு வாரம் அவரே ஆள் வைத்து வெட்டிவிட்டு, பில்லை மட்டும் எங்களுக்கு அனுப்பினார், அதுவும் பாதித் தொகைக்கு. அவருக்கு எப்படி நன்றி சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

சரி, பாதை வந்துவிட்டது, அப்புறம் வான்வெளி எதற்கு என்று சார்லஸ்டன் அண்ணன் கேட்டார். நல்ல கேள்வி. எங்கள் பகுதியில் இதற்கு முன்பு 1,200 அடிக்கு மேலேதான் கட்டுப்பாட்டு வான்வெளி. அதற்குக் கீழே இருந்தது கட்டுப்பாடற்ற வானம். அங்கே பகலில் ஒரு சின்ன விமானம் ஒரு மைல் தூரம் கண்ணுக்குத் தெரிந்தால் போதும், மேகத்துக்குள் நுழையாமல் மேகத்தை ஒட்டியே பறந்து போகலாம், சட்டப்படி தப்பில்லை. இப்போது நோயாளியோடு ஒரு ஹெலிகாப்டர் அதே மேகத்தின் அடியிலிருந்து திடீரென்று வெளியே வருகிறது என்று வையுங்கள். இரண்டு பேருமே விதியை மீறவில்லை, ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துச் சுதாரிக்க சில வினாடிகள்கூட இருக்காது. கிளாஸ் ஈ ஆகிவிட்டால் பார்த்துப் பறப்பவர்களுக்கு மூன்று மைல் தெளிவு வேண்டும், மேகத்துக்கு 500 அடி கீழே, 1,000 அடி மேலே, பக்கவாட்டில் 2,000 அடி என்று விலகி இருக்க வேண்டும். மேகத்துக்குள் கருவிகளை வைத்துப் பறக்கும் இரண்டு விமானங்களை ஒன்றுக்கொன்று விலக்கி வைக்கும் பொறுப்பு டிராஃபிக் கன்ட்ரோலருடையது. அவ்வளவுதான் விஷயம். "டோல்கேட் மாதிரியா?" என்றார் அண்ணன். இல்லை, பள்ளிக்கூடப் பகுதி போர்டு மாதிரி. யாரும் வண்டியை நிறுத்திக் கேட்கப்போவதில்லை, அந்த இடத்தில் எப்படி ஓட்ட வேண்டும் என்பது மட்டும் மாறுகிறது.

இதை அதிகாரி ஒருவர் கையெழுத்துப் போட்டு முடித்துவிட முடியாது. மத்திய அரசிதழில் வரைவு விதியாக வெளியிட்டு, பொதுமக்கள் கருத்துச் சொல்ல அவகாசம் விட்டு, பிறகுதான் இறுதி விதி. எங்கள் வரைவுக்கு 45 நாள் கொடுத்தார்கள். வரைவைப் படித்தால் தூக்கம் வரும். அட்சரேகை, தீர்க்கரேகை, "தரையிலிருந்து 700 அடிக்கு மேல் நோக்கி விரியும் வான்வெளி", அப்புறம் இதனால் பெரிய பொருளாதாரப் பாதிப்பு எதுவும் இல்லை என்ற வழக்கமான பத்தி. அந்த வறட்டு நடையில் எங்கள் ஊர் ஆகாயத்தைப் படித்தபோது எனக்கு என்னவோ சந்தோஷமாகத்தான் இருந்தது. தொலைபேசியில் எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல் அடுத்த படி என்ன என்று சொன்ன எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) அலுவலருக்கு நன்றி. அரசு ஊழியர்களைத் திட்டுவதற்கு ஆள் நிறைய உண்டு, நான் அந்த வரிசையில் நிற்கப்போவதில்லை.

எதிர்த்து எழுதியவருக்கும் நன்றி, இதை மனதாரச் சொல்கிறேன். எங்கள் வட்டத்துக்குள் புல்தரை ஓடுபாதை வைத்திருப்பவர், ரேடியோ இல்லாத பழைய பைப்பர் கப் விமானம் ஓட்டுபவர். "ஆஸ்பத்திரிக்காரர்கள் வானத்தை வளைத்துப் போடுகிறார்கள்" என்று கொதித்துவிட்டார். கோபத்துக்கு நடுவே அவர் கேட்டவை எல்லாம் சரியான கேள்விகள். ரேடியோ வாங்க வேண்டுமா? வேண்டாம். அனுமதி கேட்க வேண்டுமா? தெளிவான வானிலையில் வேண்டாம். 700 அடிக்குக் கீழே? பழையபடியே. விவசாயிகள் 400 அடிக்குள் பறக்கவிடும் ட்ரோன்? தரையிலிருந்தே தொடங்கும் கட்டுப்பாட்டு வான்வெளி இது இல்லை என்பதால் அதற்கும் இதனால் புதுத் தடை கிடையாது. அவர் கேட்டதால்தான் ஊர்க்கூட்டத்தில் இதையெல்லாம் எளிய பேச்சில் சொல்ல வேண்டிவந்தது, அதன் பிறகு ஆதரவுக் கடிதங்கள் தாமாகவே வந்தன. கூட்டம் முடிந்ததும் அவரே எங்கள் பைலட்டைத் தன் விமானத்தில் ஏற்றிக்கொண்டு போய், தான் வழக்கமாகப் பறக்கும் பாதையைக் காட்டியிருக்கிறார். இப்போது இருவரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போகிறார்களாம். எனக்கு அழைப்பு இல்லை.

இனி நம் ஆட்கள். பிட்ஸ்பர்க் தம்பி, ஊர்க்கூட்டத்துக்கு நீ போட்டுக் கொடுத்த முப்பரிமாணப் படம்தான் எல்லோருடைய சந்தேகத்தையும் தீர்த்தது. 700 அடியில் ஒரு பலகையை மிதக்கவிட்ட மாதிரி காட்டினாய் பார், அதைப் பார்த்துவிட்டுத்தான் முன்வரிசைப் பாட்டி "இதற்கா இத்தனை சண்டை" என்றார். தூக்கம் கெட்டு உட்கார்ந்து செய்தாய் என்று உன் மனைவி சொல்லித்தான் தெரியும், அந்தப் பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்.

பொங்கல் விழாவில் உணவுக் கடை போட்ட அக்காமாருக்கு: நீங்கள் தோசையும் பிரியாணியும் விற்றுச் சேர்த்த பணம் வானிலை நிலையத்துக்குப் போனது. ஏன் வானிலை நிலையம் என்று கேட்டால், கருவிகளை வைத்து ஒரு இடத்துக்குப் பறக்க, அங்கே நிலவரம் என்ன என்று தெரிய வேண்டும். அங்கே நிலையம் இல்லையென்றால் 15 கடல் மைலுக்குள் இருக்கும் வேறு நிலையத்தின் அறிக்கையை வைத்துக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. எங்களுக்கு அப்படிப் பக்கத்தில் இருப்பது மலைக்கு அந்தப் பக்கம். அங்கே வெயில் அடிக்கும்போது இங்கே மழை பெய்யும். மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு தூரம் தெரிகிறது, காற்று எந்தப் பக்கம் என்று தானாகவே அளந்து சொல்லும் கருவி இப்போது ஹெலிபேடு பக்கத்தில் நிற்கிறது. மொத்தச் செலவில் உங்கள் பங்கு சிறியதுதான், ஒளிக்காமல் சொல்கிறேன், ஆனால் அதுதான் முதல் பணம். "வெளியூர்க்காரர்களே கொடுத்திருக்கிறார்கள்" என்று சொல்லித்தான் மற்றவர்களிடம் வசூலித்தோம்.

எங்கள் இரவு நேர நர்ஸ்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். மேகத்துக்குள் கிளம்ப வேண்டுமென்றால் பைலட் போனில் அனுமதி வாங்குவார், அதில் ஒரு கெடு இருக்கும்: இத்தனை மணிக்குள் கிளம்பவில்லையென்றால் அனுமதி செல்லாது, மறுபடி முதலிலிருந்து. மலைக்கு நடுவில் ரேடார் கீழே வரை தெரியாது, அதனால் எங்களுக்காக அந்த வானத்தை ஒதுக்கிவைத்துவிட்டு கன்ட்ரோலர் காத்திருப்பார். நோயாளியின் மருந்துக் குழாய்களை மாற்றி, வென்டிலேட்டரை மாற்றி, உறவினரைச் சமாதானப்படுத்தி, அந்தக் கெடுவுக்குள் ஸ்ட்ரெச்சரை வெளியே கொண்டுவர ஒத்திகை மேல் ஒத்திகை பார்த்தவர்கள் இவர்கள். யாரும் கூடுதல் சம்பளம் வாங்கவில்லை.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், யாரும் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். இலையுதிர் காலத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் விடியலில் தரையோடு ஒட்டிக் கிடக்கும் மூடுபனிக்கு இது உதவாது, அந்தக் கடைசிப் புள்ளியிலிருந்து ஹெலிபேடு தெரியாது. குளிர்காலத்தில் மேகத்துக்குள் பனிக்கட்டி படியும் நிலை இருந்தாலும் வர மாட்டார்கள், பெரும்பாலான ஹெலிகாப்டர்களுக்கு அதைத் தாங்கும் அனுமதி கிடையாது. இடி மின்னலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அந்த நாட்களில் ஆம்புலன்ஸ்தான், மலை வளைவுதான். தாழ்ந்த மேகமும் சாதாரண மழையுமாக இருக்கும் நாட்கள்தான் நாங்கள் மீட்டெடுத்தவை. இங்கே அப்படிப்பட்ட நாட்கள் நிறைய.

பாதையைப் பயன்படுத்தி முதல் நோயாளி போய்விட்டார். யார், என்ன நோய் என்று எழுத முடியாது, எழுதவும் மாட்டேன். பைலட் மட்டும் திரும்பி வந்தபோது "வழியில் ஒன்றும் தெரியவில்லை, கடைசியில் உங்கள் விளக்குகள் தெரிந்தன" என்றார். அந்த விளக்குகளை வாராவாரம் துடைக்கும் பராமரிப்பு ஆள் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் டீ குடிக்கப் போய்விட்டார்.

அப்புறம், வசூல் கணக்கு. வானிலை நிலையத்துக்குக் கொடுத்தது போக மீதிப் பணம் கொஞ்சம் சங்கத்தில் இருக்கிறது. அதை அந்தக் கருவியின் வருடாந்திரப் பராமரிப்புக்கே வைத்துக்கொள்ளலாமா என்று பொருளாளர் அண்ணன் கேட்கிறார். எனக்குச் சம்மதம். வேறு யோசனை இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குள் அவரிடம் சொல்லிவிடுங்கள். ரசீது கிடைக்காதவர்களும் அவரையே கேளுங்கள், என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
மேற்கு வர்ஜீனியாவிலிருந்து உங்கள் எமர்ஜென்சி டாக்டர்